லாபம், ரெண்டு, மூணு

பனியை நான் தொட்டதில்லை. தொட்டிருக்க வேண்டியவள். இன்னும் அரைமணி நேரம் ஏறியிருந்தால் தொட்டிருப்பேன். பூமத்திய ரேகை ஓரத்தில் நிற்கிற கென்யா மலையில், அந்தத் தேசியப் பூங்காவுக்குள், கண்ணுக்கு எதிரே வெள்ளையாகக் கிடந்தது. அதை விட்டுவிட்டு வாங்க என்று என்னைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு வந்த ஒரு மகராசி உண்டு. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். நன்றாக நாலு திட்டுத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடிகிறதா பார்ப்போம்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் போடியில் யாருக்கும் ஆள் தெரியாது. லாபத்தக்கா என்றால் முந்தல் செக்போஸ்டில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியும். சொந்த ஊர் ராசிங்காபுரம். வாக்கப்பட்டு வந்தது போடிக்கு. போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிற பெண்களுக்கு ஜீப்புக்கு ஒரு தலைவி உண்டு. ஒரு ஜீப்புக்கு அவர் தலைவி. ஆள் என் தோள் உயரம்தான் இருப்பார். குரல் மட்டும் மலையில் முட்டித் திரும்பி வரும்.

நான் பூகோள டீச்சர். எனக்கு முதலில் வேலை கிடைத்தது மெட்டுக்கு அங்கிட்டு ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். பஸ் நேரம் ஒத்துவரவில்லை என்பதால் அந்த ஜீப்பில்தான் இரண்டு வருஷம் போய்வந்தேன். விடியற்காலையில் தூக்குவாளிகளுக்கும் கால்களுக்கும் நடுவில் நாலு விரற்கடை இடம் கிடைக்கும். அதில் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

முதல் நாள் ஜீப்பு உறுமிக்கொண்டு நிற்கிறது. லாபத்தக்கா பின்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ம், சொல்லுங்க" என்றார். உள்ளேயிருந்து ஒரு சின்னப்பெண், வயிற்றில் ஆறேழு மாதம் இருக்கும், "லாபம்!" என்று கத்தினாள். அடுத்தவள் "ரெண்டு!" அதற்கடுத்தவள் "மூணு!" இப்படியே போய், கடைசியில் அக்கா, "பதினஞ்சு, நானு. எடுப்பா வண்டிய" என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்றுதான் தொடங்குவார்கள். ராசிங்காபுரத்துக் களத்தில் வளர்ந்தவர் அந்தக் கணக்கை அப்படியே மனுஷத் தலைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொருத்திக்கும் ஒரு எண். ஆள் மாறாதவரைக்கும் அதுதான் அவள் பேர். அவர் எண்ணமாட்டார். நாமே நம் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதுதான் சட்டம்.

மறுநாள் என்னைப் பார்த்து, "டீச்சர், இன்னைல இருந்து நீங்கதான் லாபம்" என்றார். அந்தக் கர்ப்பிணிப் பெண் ரெண்டாகிவிட்டாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. படித்தவள், டீச்சர், அதனால் முதல் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் அம்மாவிடம் சொல்லிப் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

ஏலத்தோட்டத்துக்குள் மூடுபனி இறங்கினால் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. அரைமணிக்கு ஒரு தடவை அக்கா பாதையில் நின்று "சொல்லுங்க!" என்று குரல் கொடுப்பார். ஏலச் செடிகளுக்கு உள்ளேயிருந்து, மேலே கீழே என்று பல பக்கத்திலிருந்தும் எண்கள் வரும். பள்ளிக்கூடம் தோட்டத்தை ஒட்டியிருந்ததால் வகுப்பு நடக்கும்போதே எனக்குக் கேட்கும். பிள்ளைகள் கூடச் சேர்ந்து முணுமுணுக்கும். நானும் ஜன்னலில் தலையை நீட்டி "லாபம்!" என்று கத்திவிட்டு வந்து பாடத்தைத் தொடர்வேன். இல்லாவிட்டால் அவர் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிடுவார்.

ஒருநாள் எட்டுக்குப் பிறகு ஒன்பது வரவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். அப்போதும் இல்லை. அவ்வளவுதான், கூடையைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் ஓடினார்கள். மேற்பார்வைக்கு இருந்த மலையாளத்துக்காரர், "சோலி கெடக்குது சேச்சி" என்று சத்தம் போட்டுப் பார்த்தார். யார் கேட்டது? கடைசியில் ஒன்பது ஒரு புதர் மறைவிலிருந்து சேலையைச் சரிசெய்துகொண்டு வருகிறாள். ஒதுங்கப் போயிருக்கிறாள், அங்கிருந்து கத்த வெட்கம்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று முதுகில் ஒன்று வைத்தார் லாபத்தக்கா. பிறகு அவள் தலையைத் தடவிவிட்டு, "பத்து, நீ சொல்லு" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

எதற்கு இந்த எண்ணிக்கைப் பைத்தியம் என்று நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். முதல் தடவை, "ஜீப்புக்காரன் அவசரத்துக்குப் பொறந்தவன், விட்டுட்டுப் போயிருவான்" என்றார். இரண்டாம் தடவை, "சும்மா உக்காந்திருந்தா வாய் நமநமங்குதுல்ல" என்றார். மூன்றாம் தடவை மெட்டு டீக்கடையில் கேட்டேன். டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்னைய ஒருக்க தோட்டத்துலயே விட்டுட்டுப் போயிட்டாக டீச்சர். பதினாலு வயசு எனக்கு. மறுநா காலையில ஜீப்பு வந்தப்பத்தான் ‘அடியே, நீ இங்கயா இருக்க’ன்னு கேட்டாக. யாருமே எண்ணல." நான் வாயைத் திறப்பதற்குள், "டீ ஆறுது, குடிங்க" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை.

கல்யாண வேனிலும் எண்ணுவார். சினிமாக் கொட்டகை இடைவேளையிலும் எண்ணுவார். வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் இவர் "சொல்லுங்கடி!" என்று கத்த, பதினாலு பேர் பதினாலு ராட்டினத்திலிருந்து பதில் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். கேலி பேசாத ஆளில்லை. அவர் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை.

பிறகு எனக்குப் போடிக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அக்காவின் ஒரே மகன் அங்கே என்னிடம்தான் படித்தான். தோட்டக்கலை படித்து, ஒசூரில் பூப்பண்ணையில் இருந்துவிட்டு, அங்கிருந்து கென்யாவுக்குப் போனான். மலை அடிவாரத்தில் ஒரு பெரிய ரோஜாப் பண்ணையில் சூப்பர்வைசர் வேலை. ஒருநாள் எனக்குப் போன்.

"டீச்சர், அம்மாவ இங்கிட்டு கொஞ்ச நாள் கூட்டியாந்து வச்சுக்கணும்னு ஆசையா இருக்கு. பிளேன் மாறி வரணும். இங்கிலீஷ் தெரியாது. நீங்க கூட வர முடியுமா? வந்தீங்கன்னா இந்த மலைக்கும் போய்ட்டு வரலாம். வீட்டு வாசல்லருந்து பாத்தாலே தெரியுது."

மலை என்றதும் எனக்குள் மணி அடித்தது. வருஷா வருஷம் நடத்துகிற பாடம். பூமத்திய ரேகைப் பகுதியில் வெப்பம் அதிகம், ஆனாலும் அங்கே ஒரு மலை உச்சியில் பனி உண்டு. இந்த இடம் வந்ததும் எவனாவது ஒருத்தன் எழுந்து, "நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்பான். இல்லை என்றால் வகுப்பில் ஒரு நமட்டுச் சிரிப்பு ஓடும். இந்தத் தடவை விடுவேனா? "அரையாண்டு லீவுல போறேன். பாக்குறது என்ன, கையாலயே தொட்டுட்டு வந்து சொல்றேன்" என்று வகுப்பில் அறிவித்துவிட்டேன். அது தலைமையாசிரியர் காதுக்குப் போய், அவர் அதைப் பிரேயரில் வேறு சொல்லிவிட்டார். இனித் தொடாமல் திரும்பி வந்தால் என் மானம் என்ன ஆவது?

மூட்டை கட்டும்போதே எங்களுக்குள் தகராறு. லாபத்தக்கா குரங்குக் குல்லாவும் தைலமும் எடுத்துவைத்துக்கொண்டு, "பனிதான டீச்சர்? போடிமெட்டுல பாக்காத பனியா?" என்றார்.

"அந்தப் பனி இல்லக்கா. இது கையால தொடுற பனி."

"பனியத் தொடுறதா? பனியில நனையலாம். தொட எப்பிடி முடியும்?"

"உறைஞ்சு கட்டியாக் கெடக்கும். ஐஸ் மாதிரி."

"அப்ப ஐஸுன்னு சொல்லுங்க. எதுக்குப் பனிங்கிறீக? படிச்சவுக நீங்களே இப்பிடிக் கொழப்புனா பிள்ளைக என்னத்தப் படிக்கும்?"

உறைபனி என்று புத்தகத்தில் இருக்கிறது என்றேன். புத்தகத்தில் இருந்தால் சரி என்று குல்லாவை ஒன்றுக்கு இரண்டாக எடுத்துவைத்துக்கொண்டார்.

விமான நிலையத்தில் பட்ட அவமானத்தைச் சொல்லாமல் விட மனசில்லை. நாங்கள் இருவர்தான். இரண்டு பேருக்கு என்ன எண்ணிக்கை வேண்டிக்கிடக்கிறது? ஆனால் மும்பையில் பாஸ்போர்ட் வரிசையில், நாலு ஆள் பின்னாலிருந்து, "டீச்சர், சொல்லுங்க!" பல்லைக் கடித்துக்கொண்டு "லாபம்" என்றேன். "ரெண்டு!" என்றார் ஊருக்கே கேட்கிற மாதிரி. கழிப்பறைக் கதவுக்கு வெளியேயும் அதே. உள்ளே உட்கார்ந்துகொண்டு "லாபம்" என்று சொன்ன பட்டதாரி ஆசிரியை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மகன் வீட்டில் நாலைந்து நாள் இருந்து, அந்த ஊர்க் குளிருக்குப் பழகிவிட்டு மலைக்குக் கிளம்பினோம். நான், அக்கா, மகன், நெட்டையாக ஒரு வழிகாட்டி, சாமான் தூக்க இரண்டு பேர். மொத்தம் ஆறு. பூங்கா வாசலில் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அக்கா எண் கொடுத்துவிட்டார். நான் லாபம். சாமான்காரர்கள் ரெண்டு, மூணு. வழிகாட்டி நாலு. மகன் அஞ்சு. அவர் ஆறு. மகன் விளக்கிச் சொல்ல, அவர்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டார்கள். வழிகாட்டி மட்டும் "நாலூ" என்று இழுப்பார்.

அவர் ஏற ஆரம்பித்ததிலிருந்து "போலே, போலே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். லாபத்தக்கா கொஞ்ச தூரம் பொறுத்தார். பிறகு கேட்டேவிட்டார்.

"எது போலண்ணே? அதையும் சொன்னாத்தான தெரியும்?"

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "யம்மா, அவுக பாஷையில போலேன்னா மெதுவான்னு அர்த்தம்."

"அட, நல்ல மனுசன்! நம்ம ஜீப்புக்காரன் இவருட்ட வந்து ஒரு வருசம் இருக்கணும்" என்று அந்த ஆளைத் தட்டிக்கொடுத்தார். அதன்பிறகு அக்காவும் எங்களுக்குப் போலே போலே சொல்ல ஆரம்பித்துவிட்டார். மூங்கில் காட்டில் யானைச் சாணத்தைக் கண்டதும் காலால் புரட்டிப் பார்த்து, "நேத்துப் போயிருக்கு" என்றார். வழிகாட்டி குனிந்து பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினார். இரண்டு பேருக்கும் பாஷை ஒன்றும் தேவைப்படவில்லை.

முதல் நாள் கீழ் முகாம். இரண்டாம் நாள் மரமெல்லாம் முடிந்து புல்வெளி வந்தது. கம்பத்து உச்சியில் முட்டைக்கோசை வைத்துக் கட்டினாற்போல ஆளுயரச் செடிகள். அதற்கு மேலே, மேகம் விலகின இடத்தில், கறுத்த பாறை. பாறை இடுக்கில் வெள்ளை. கடவுளே, இத்தனை வருஷம் கரும்பலகையில் நான் சாக்பீஸால் தீற்றின வெள்ளை அதுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

"சுண்ணாம்படிக்க வந்தவன் பாதியில விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு" என்றார் லாபத்தக்கா. ஆனால் அவரும் கண்ணை எடுக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம்தான் அந்த விஷயம் வெளியே வந்தது. நான் பின்தங்கிப் பின்தங்கி நடந்துகொண்டிருந்தேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கிறதா? "பாத்தியா, அன்னைக்கும் இன்னைக்கும் உங்கம்மா எனக்குத்தான் லாபம் குடுத்திருக்காங்க" என்று மகனிடம் பெருமை பேசினேன்.

அவன் தயங்கி, "டீச்சர், லாபம் யாருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றான். "நடக்க மாட்டாதவுக, புதுசா வந்தவுக, பிள்ளத்தாச்சி, இவுகளுக்குத்தான் அம்மா லாபம் குடுக்கும். மொதக் குரல் வரலைன்னா ஒடனே தெரிஞ்சிரும்ல?"

என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று பாருங்கள். பல வருஷமாக நான் மாலை என்று நினைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தது இதுவா! நேரே அக்காவிடம் போய், "எனக்கு வேற நம்பர் குடுங்க. அஞ்சு குடுங்க" என்றேன்.

"ஏறும்போது நம்பர மாத்தக்கூடாது டீச்சர். எறங்குனதும் தர்றேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு மீதி தூரத்தை எல்லோருக்கும் முன்னால் நடந்தேன். மேல் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது தலைக்குள் யாரோ உலக்கை போட்டார்கள். பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லாபம் என்பது நிரூபணமாகிவிடுமே. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டுத் தலைவலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் உச்சிக்கெல்லாம் போகவேண்டாம், பனி ஓரம் வரைக்கும் போய்த் தொட்டுவிட்டுத் திரும்புவது என்று திட்டம். வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். ஏறினது ஞாபகம் இருக்கிறது. வெள்ளை கிட்டே வந்துகொண்டே இருந்தது. இன்னும் அரைமணி என்று வழிகாட்டி சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. பிறகு மூடுபனி வந்து எல்லாவற்றையும் மூடியது.

இதற்குப் பிறகு நடந்ததில் பாதி மகன் சொல்லித் தெரிந்தது. பின்னாலிருந்து அக்கா, "சொல்லுங்க!" என்று குரல் கொடுத்திருக்கிறார். லாபம் வரவேண்டிய இடத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு நான் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று சொல்லியிருக்கிறேன்.

"உள்ளேன் டீச்சர்!"

மகன் சிரித்துவிட்டான். டீச்சர் கேலி செய்கிறார் என்று நினைத்திருக்கிறான். அவன் மொழிபெயர்த்துச் சொல்ல, மற்றவர்களும் சிரித்திருக்கிறார்கள். லாபத்தக்கா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு எட்டில் ஏறி வந்து என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"டீச்சர், ஷூக் கயிறு அவுந்து கெடக்கு. கட்டுங்க."

குனிந்தேன். இது எனக்கே ஞாபகம் இருக்கிறது. இரண்டு நுனியையும் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது.

"அப்பு, டீச்சருக்குப் புத்தி தடுமாறுது. எறங்குறோம்" என்றார் மகனிடம். வழிகாட்டி என் கண்ணைப் பார்த்தார், சாமான்காரர்களைக் கீழ்நோக்கிக் கை காட்டினார்.

அந்த நேரம் பார்த்து மூடுபனி கிழிந்தது. பனி அங்கேயே கிடந்தது. கல்லெறிந்தால் விழுகிற தூரம்போலத் தெரிந்தது. நான் அக்காவின் கையை உதறினேன். நான் பேசியது ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கிறது.

"நீ யாரு எனக்குச் சொல்ல? காயெடுக்கிறவ காயெடுக்கிறவளா இரு. எனக்குப் பூகோளம் சொல்லித் தர்றியா நீ?"

அதுவரைக்கும் ஒரு தடவைகூட அவரை நான் நீ என்று சொன்னதில்லை. மகன் முகம் செத்துப்போனது. லாபத்தக்கா என் ஷூக் கயிறைத் தானே குனிந்து கட்டினார். "அப்பு, அந்தக் கையப் பிடி" என்றார். இந்தக் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

இறங்கினோம். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை, "சொல்லுங்க" என்பார். நான் சொல்லமாட்டேன். வீம்பா, மயக்கமா, எனக்கே தெரியவில்லை. நான் சொல்லாததால் ரெண்டு சொல்லமாட்டார், மூணு சொல்லமாட்டார். ஆறு பேரும் நிற்போம். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, நடங்க" என்பார். இப்படி எத்தனை தடவையோ. மேல் முகாமையும் தாண்டி இறங்கிக்கொண்டே இருந்தோம். கம்பத்து முட்டைக்கோசுகள் வந்தன, புல்வெளி வந்தது. கீழ் முகாமின் தகரக் கூரை தெரிந்தபோது எனக்குத் தலைக்குள் உலக்கைச் சத்தம் நின்றிருந்தது. நான் யார், எங்கே இருக்கிறேன், காலையில் என்ன பேசினேன் என்று எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. "சொல்லுங்க" என்றார். "லாபம்" என்றேன். "ரெண்டு! மூணு! நாலூ!" என்று மற்றவர்கள் கத்தின கத்தலில் மகனுக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்னும் ஒரு மணி நேரம் ஏறியிருந்தால் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும், மூச்சோடா என்று சொல்ல முடியாது என்று வழிகாட்டி மகனிடம் சொன்னாராம். உயரத்தில் மூளை வீங்குவதாம். மறுநாள் பார்த்த டாக்டரும் அதைத்தான் சொன்னார். அப்போது பேசுகிற பேச்சுக்கு ஆள் பொறுப்பில்லை என்றும் சொன்னார். எல்லோரும் அந்தச் சாக்கை எனக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள். எனக்குத் தெரியாதா? வீங்கின மூளை புதிதாக ஒன்றையும் உண்டாக்கவில்லை. ஜீப்பில் உட்கார்ந்த முதல் நாளிலிருந்து எனக்குள் இருந்ததுதான் வாய்வழியாக வந்தது. லாபம் என்று சொன்னதும் முதல் மரியாதை என்று ஏன் நினைத்தேன்? அவர்களைவிட நான் ஒரு படி மேல் என்ற நினைப்பு இருந்ததால்தானே. சீ என்றாகிவிட்டது எனக்கு.

மறுநாள் காலை கீழ் முகாமுக்கே ஜீப்பு வந்தது. மகனும் நானும் ஏறினோம். லாபத்தக்கா ஏறவில்லை. என் முழங்கால்மேல் போர்வையைப் போர்த்திவிட்டார்.

"லாபம் பத்திரமா எறங்கியாச்சு. இனி எனக்கு என்ன கவலை? நான் போயி அதப் பாத்துட்டு நாளன்னைக்கு வர்றேன்."

"யம்மா!" என்று பதறினான் மகன்.

"என்னடா யம்மா? இம்புட்டுத் தூரம் வந்துட்டு, டீச்சரும் தொடல, நானும் தொடலன்னா நல்லாவா இருக்கு? எனக்கென்ன, தலை வலிக்குதா, வாந்தி வருதா? நாலு, கிளம்புங்க. போலே போலே."

வழிகாட்டிக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே பையைத் தோளில் போட்டார். சாமான்காரர்கள் இரண்டு பேரும் பின்னால் போனார்கள். குரங்குக் குல்லா ஒன்று மேலே ஏறிப் போவதை ஜீப்பின் பின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இறங்கினேன். எனக்குப் பொறாமை. வெட்கம். எல்லாவற்றுக்கும் மேலே பயம். இந்தப் பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

சொன்னபடி மூன்றாம் நாள் சாயங்காலம் மகன் வீட்டுக்கு வந்தார். மூக்கு நுனி வெயிலில் உரிந்திருந்தது. குளித்தார். தலையைத் துவட்டிக்கொண்டே அடுப்படிக்கு வந்து முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "நோட்டு இருந்தா எடுங்க டீச்சர்" என்றார்.

"எதுக்குக்கா?"

"பிள்ளைக கேக்கும்ல? நான் சொல்லச் சொல்ல எழுதிக்கங்க."

எழுதினேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"தூரத்துலருந்து பாக்குற மாதிரி வெள்ளையா இல்ல. மேலாப்புல தூசி, கருப்புக் கருப்பா. கல்லால கொத்தி எடுத்தா உள்ள வெள்ளை. எழுதிட்டீகளா? கையில வச்சா மொதல்ல குளுரல, சுடுது. பெறகு கை யாரு கையோ மாதிரி ஆயிருது. கடிச்சா மணலு மாதிரி நறநறங்குது. ருசி இல்ல. வாசம் இல்ல. அடிப்பக்கம் தண்ணி ஒழுகிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது. நாலு ஒரு பாறையக் காமிச்சு, அவரு சின்னப்பிள்ளையா இருந்தப்ப அது வரைக்கும் இந்தக் கட்டி இருந்துச்சுன்னு சைகையில சொன்னாரு. நான் நடந்து பாத்தேன். அது எங்கயோ கெடக்கு டீச்சர், ரொம்பக் கீழ. இன்னும் கொஞ்ச வருசத்துல ஒண்ணும் இருக்காதாம். அதையும் எழுதிக்கங்க. பிள்ளைக தெரிஞ்சுக்கணும்."

இன்றைக்கும் அந்தப் பாடம் நடத்துகையில் இதைத்தான் வாசிக்கிறேன். பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட இது நன்றாக இருக்கிறது. நீங்கள் தொட்டீர்களா என்று கேட்கிறவர்களிடம் இல்லை என்கிறேன். தொட்டவர் யார் என்றும் சொல்கிறேன். அவர் இப்போது போடியில் இல்லை. மகன் திரும்பி வந்து ஒசூரில் வீடு கட்டியதும் கூடப் போய்விட்டார். என் ஆயுசில் எனக்கு வாய்த்த ஒரே பூகோள டீச்சர் அவர்தான் என்று நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அன்றைக்கு அடுப்படியில் எழுதி முடித்தும் நான் பேனாவை மூடவில்லை.

"அக்கா, அன்னைக்கு மேல வச்சு நான் ஒரு பேச்சுப் பேசினேன்ல..."

லாபத்தக்கா எட்டி நோட்டைப் பார்த்தார். அவர் எழுத்துக்கூட்டி வாசிப்பார். விரலை வைத்துக் கடைசி வரி வரைக்கும் மெதுவாக வந்தார்.

"அத இதுல எழுதலையே?"

"இல்லக்கா."

"அப்பறம் என்ன, விடுங்க. அது பாடத்துல வராது."